தாத்தாவின் ஹெரால்டு: சாவியைத் தொடுவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. தாத்தா வாங்கிய 1971 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு வண்டி, தானே புயலுக்குப் பிறகு ஓடவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "இந்த எஞ்சின் தேறாது, மாருதி எஞ்சின் போட்டுடலாம்" என்கிறார். பேரனுக்கு மனசில்லை. பழைய எஞ்சினையே வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? ஒரு புது பேட்டரி வாங்கி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. வேண்டாம். சாவியைத் திருப்பாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளியும் பார்க்காதீர்கள்.

தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். அன்று முதல் இந்த எஞ்சின் ஒரே நிலையில் நிற்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்தத் திறப்பு வழியாக, கார்புரேட்டர் பக்கமிருந்தோ சைலன்சர் பக்கமிருந்தோ, தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று இத்தனை வருடமாக உள்ளே போய் வந்திருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இரும்பு. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் கொடுக்கிற ஒரே உலுக்கலில் ரிங் உடைந்து, அந்தத் துண்டு சுவரில் கோடு கிழித்துவிட்டால், சுவரைக் கல்லால் லேசாகத் தேய்க்கும் ஹோனிங்கோடு முடிய வேண்டிய வேலை, சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாய் இறக்கும் ஸ்லீவ் வேலையாகிவிடும். பேரிங்கில் இருந்த எண்ணெயும் எப்போதோ வடிந்துபோயிருக்கும். பழைய எஞ்சின்களில் நான் பார்த்த நாசத்தில் பாதி, வண்டி நின்ற காலத்தில் வந்ததில்லை. "சும்மா ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம்" என்ற அந்த ஐந்து நிமிடத்தில் வந்தது.

வீட்டில் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். உலகத்திலேயே வீட்டில் வைத்துப் பார்க்கத் தோதான எஞ்சின்களில் இது ஒன்று. 948 சிசி, 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கிராங்க் என்ற சுழல்தண்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங், வால்வுகளைத் திறக்கப் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட், புஷ்ராடு, அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டென் என்ற காருக்காக வந்த இந்த எஞ்சினை இங்கே நம் வண்டலூர் ஆலையில் ஹெரால்டுக்கும், அதற்குப் பின் வந்த கெஸலுக்கும் போட்டார்கள். மெட்ராஸ் கார் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அம்பாசடரில் குனிந்து குனிந்து முதுகு போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் "வீட்டில்" என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. கழற்றுவது, கழுவுவது, அளப்பது, பூட்டுவது எல்லாம் வீட்டில். இரும்பைச் சீவுகிற வேலை எதுவும் வீட்டில் இல்லை. போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்கைச் சீவுவது), ஹெட் ஃபேசிங் (எஞ்சினின் மேல்மூடியைச் சமமாக்குவது), வால்வு சீட் (வால்வு உட்காரும் விளிம்பு) வெட்டுவது ஆகிய நான்கும் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். இந்த நான்கில் எது உங்கள் எஞ்சினுக்கு உண்மையில் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலையின் முக்கால் பங்கு. பட்டறையில் கேட்டால் நான்கையும் செய்யச் சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஒவ்வொரு முறை சீவும்போதும் இந்த எஞ்சினின் ஆயுளில் ஒரு படி போகிறது. எண்பதுகளோடு தயாரிப்பே நின்றுபோன கம்பெனியின் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) இது. இன்னொன்று வேண்டுமென்றால் வேறொரு பழைய வண்டியைப் பிரித்தால்தான் உண்டு.

மாருதி எஞ்சின் யோசனை பற்றி இரண்டு வார்த்தை. ஓடும், மைலேஜும் தரும், மறுக்கவில்லை. ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 'விஏ' வரிசையில் தனி எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. அதற்கு வண்டி மூல நிலையில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது. எஞ்சினை மாற்றிவிட்டால் அந்த வாசலை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். அப்படிப் பதிவு செய்த வண்டியை தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று இதற்கெல்லாம்தான் எடுக்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் முடிவு. ஆர்சி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் சுத்தம் செய்கிறேன் என்று கிரைண்டர் வைத்து அந்த எண்ணையே தேய்த்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

நாலு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் துருப்பிடித்து மற்றது கறுப்பாக இருந்தால், வால்வு திறந்து நின்ற சிலிண்டர் அதுதான். ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூன்று மூடி ஊற்றுங்கள். அடுத்த நாள் எட்டிப் பாருங்கள். வடிந்துபோயிருந்தால் ரிங் வழியாக இறங்குகிறது என்று அர்த்தம், நல்லது. அப்படியே நின்றால் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள். ஒரு வாரம், பத்து நாள், தேவைப்பட்டால் ஒரு மாதம். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டிப் பாருங்கள். நீளக் குழாயை மாட்டி ஏறி மிதிக்கக் கூடாது. கை பலத்துக்கு அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பார்ப்பதுதான் மரியாதை.

ஸ்பானர் என்றதும் ஒன்று. இது இங்கிலீஷ்காரன் எஞ்சின், நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஒப்பேறும். ஆனால் 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர். 14 ஏறாது, 15 வழுக்கி மூலையை மழுக்கிவிடும். ஒரு செட் அங்குல ரிங் ஸ்பானர் வாங்கிவிடுங்கள். இந்தச் செலவில் கஞ்சம் பிடித்தால் பிறகு உளி வைத்து நட்டு வெட்ட வேண்டிவரும்.

எஞ்சின் சுழன்றுவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ஏறினால் ரிங் பக்கம் குறை, ஏறாவிட்டால் வால்வு பக்கம். நிறைய எஞ்சின்கள் இந்த இடத்திலேயே தப்பித்துவிடும். ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு வேலை பார்த்தால் போதும். கிராங்க் வரைக்கும் போகவே வேண்டாம்.

உங்கள் வண்டி நின்ற காலத்தைப் பார்த்தால் முழுசாகப் பிரிக்க வேண்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கியர்பாக்ஸ் உட்காரும் இடத்தின் மூடியை வண்டிக்குள்ளிருந்தே கழற்றலாம், அதனால் இரண்டையும் பிரிப்பது சுலபம். தூக்குவதற்கு மட்டும் புத்திசாலித்தனம் காட்டாதீர்கள். நம் ஊரில் சவுக்குக் கட்டை எளிதில் கிடைக்கிறது என்பதற்காக மூன்று கழியைக் கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்புக் குழாய் முக்காலியும் செயின் பிளாக்கும் வாடகைக்கு எடுங்கள். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் படகு எஞ்சின் பார்க்கிறவர்களிடம் இருக்கும். அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது வேறு விதத்திலும் நல்லது. உப்பில் ஊறிய எஞ்சினைப் பிரிப்பதில் கார் மெக்கானிக்கைவிட அவர்களுக்குக் கைப்பழக்கம் அதிகம்.

பிரிக்கும்போது வரிசை கலையக் கூடாது. ஸ்வீட் பாக்ஸ் மூடியில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி புஷ்ராடுகளைக் குத்தி வையுங்கள். கேம் மேல் உரசி புஷ்ராடைத் தூக்கும் கேம் ஃபாலோவர் எட்டும் அதே மாதிரி, எது எந்த கேம் முகட்டில் தேய்ந்ததோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும். கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஜோடி. மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாகவே இருக்காது. கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், ஆனால் படத்தை நம்பிக் குறிப்பு எழுதாமல் இருக்காதீர்கள்.

இப்போது அளவு. சிலிண்டரின் மேல் முனையில், ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் தேய்மானம் அதிகம். விரல் நகத்தால் தடவினாலே ஒரு விளிம்பு தட்டுப்படும். போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுங்கள். கருவி இல்லையென்றால் அளந்து தருவதற்கு மட்டும் பட்டறைக்குக் கூலி கொடுங்கள். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. அளவு எழுதிய தாள் கைக்கு வந்த பிறகுதான் போரிங்கா வெறும் ஹோனிங்கா என்ற பேச்சே.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. முதல் ஹெரால்டில் நான் அவசரப்பட்டு பிளாக்கைப் பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் "இருபது சைஸ் போட்டாச்சு" என்றார்கள். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பெரிதாக்கிவிட்டார்கள். அப்புறம் பிஸ்டன் தேடி நான் சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் ஏறாத கடை இல்லை. பத்து இருந்தது, முப்பது இருந்தது, இருபது எங்குமே இல்லை. கடைசியில் முப்பதை வாங்கி, அதற்காக மறுபடி சீவினோம். இரண்டு எஞ்சின் வேலைக்கு ஆக வேண்டிய இரும்பு ஒரே மாதத்தில் போனது. அதனால், முதலில் பிஸ்டன் கைக்கு வரட்டும். பிஸ்டன் செட்டை பிளாக்கோடு சேர்த்தே பட்டறையில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்றபடி அவர்கள் போர் செய்யட்டும். பழைய கடைகளில் இந்தியா பிஸ்டன்ஸ் டப்பா தூசியோடு கிடைத்தால் விலை பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் டிரையம்ஃப் (இங்கிலாந்தில் ஹெரால்டு விற்ற பெயர்) பாகம் விற்பவர்களிடம் வாங்குவதாக இருந்தால் 948-க்கு என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இதே குடும்பத்து 1147 சிசி எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் இதே 76 தான், ஆனால் போர் 69.3 மில்லிமீட்டர். அந்த பிஸ்டன் பேப்பர் வெயிட்டாகத்தான் ஆகும்.

கிராங்கும் அப்படித்தான். மைக்ரோமீட்டரில் முட்டை வடிவம் தெரிந்தால்தான் கிரைண்டிங், பேரிங் ஷெல் கைக்கு வந்த பிறகுதான் கிரைண்டிங். வெறும் கோடு விழுந்திருந்தால் பாலிஷ் போதும்.

இந்த எஞ்சினின் பரம்பரை வியாதி ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின்பக்க மெயின் பேரிங் அருகே பிறை வடிவத்தில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கை முன்னால் தள்ளும் விசையை வாங்கிக்கொள்வது அவைதான். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்கள் கையில் இவை சீக்கிரம் தேயும். ஒரு கட்டத்தில் மெலிந்து நழுவி, எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகும் எஞ்சின் ஓடும், அதுதான் ஆபத்து. கிராங்க் நேராக பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும், அந்தக் காயத்துக்கு மருந்து இல்லை. அதனால் சம்ப்பைக் கழற்றியதும் அடியில் இருக்கும் கசடை விரலால் துழாவிப் பாருங்கள். பிறை வடிவத் தகடு ஏதும் தட்டுப்பட்டால் எனக்கு உடனே சொல்லுங்கள். புதிதாகப் போடும்போது வாஷரில் வரி வெட்டியிருக்கும் பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். எண்ணெய் அந்த வரியில்தான் நிற்கும். திருப்பிப் போட்டவர்கள் ஏராளம். பூட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளந்து, அதிகமாக இருந்தால் தடித்த வாஷர் போட வேண்டும்.

ஹெட்டில் பார்க்க வேண்டியது வால்வு சீட். இந்த எஞ்சின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. சீட் தேயாமல் அது ஒரு மெத்தை மாதிரி காத்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயம் நிறுத்தப்பட்டுவிட்டது. எக்ஸாஸ்ட் சீட் ஏற்கெனவே உள்ளே குழிந்து போயிருந்தால் கடினமான சீட் வளையம் பொருத்துங்கள். சீட் நன்றாக இருந்தால் வளையம் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது இப்போது வேண்டாம். பேஸ்ட் போட்டு வால்வைக் கையாலேயே தேய்த்து, ஹெட்டைத் திருப்பி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வால்வு ஓரம் நனையவில்லை என்றால் சரி.

இன்றைய பெட்ரோலின் தொல்லை வேறு. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போடுங்கள். வண்டி ஒரு மாதம் நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பட்டறையிலிருந்து பிளாக் வந்ததும் நேராகப் பூட்டக் கூடாது. ஹோனிங் கல்லின் பொடி சுவரின் வரிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலால் துடைத்தால் போகாது. சுடுதண்ணீர், சோப்புத்தூள், பிரஷ் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது மாதிரி தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அதுவரை விடாதீர்கள். காய்ந்த கையோடு எண்ணெய் பூசி பாலித்தீன் போட்டு மூடுங்கள். நம் கடற்கரையில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், எண்ணெய் பூசாத சிலிண்டர் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும். முடிந்தால் பட்டறை வேலையைத் தை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி இருக்கும் வெல்ச் பிளக்குகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள், அதற்குள் சேறு இறுகிக் கிடக்கும். இனிமேல் ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட்தான்.

பூட்டும்போது ஒவ்வொரு ரிங்கையும் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்த போருக்குக் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து சுவரைக் கிழிக்கும். போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரிஞ்ச்சால்தான் முறுக்க வேண்டும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவில்) குளிர்ந்த நிலையில் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, அதாவது 0.25 மில்லிமீட்டர். அதற்கு ஒன்பது கணக்கு என்று ஒரு வசதி உண்டு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யலாம், ஆறு திறந்திருக்கும்போது மூன்று. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

இக்னிஷன் பெரிய விஷயமில்லை. பாயிண்ட் இடைவெளி 0.4, பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர், சிலிண்டர்கள் எரியும் ஃபயரிங் வரிசை 1-3-4-2. கண்டென்சர் மட்டும் புதிது போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு பழைய டாங்கை நம்பாதீர்கள், தனி பாட்டிலில் பெட்ரோல். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும். எண்ணெய் 20டபிள்யூ-50. புதுக் காருக்குப் போடுகிற தண்ணீர் மாதிரி எண்ணெய் இதற்கு ஆகாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். ஐந்து பத்து நிமிடம் நீலப்புகை வரும், பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். பேப்பர்கள் சரியான பிறகு விடியற்காலையில் கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி வரை வாருங்கள். எழுபதைத் தாண்டாமல், ஒரே வேகத்திலும் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் நன்றாக உட்காரும். 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அதெல்லாம் இன்னும் பல மாதம் தள்ளி. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு பிளக் ஸ்பானர் ஒன்றும் அந்த டீசல் கலவையும் போதும். நாலு பிளக்கையும் வரிசையாக வைத்து ஒரு படம், டிப்ஸ்டிக் ஒரு படம். மறுநாள் எந்த சிலிண்டரில் கலவை வடிந்தது, எதில் நின்றது என்று எழுதுங்கள். ஹெட்டைத் தூக்குவதா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.